படைவீரரான இரட்டையரும் அவர்தம் பதிவேடும்

போர்முனையிலிருந்து திரும்பிய ஒருவன் இரவில் உறங்குவதில்லை. எதிர்பாராமல் ஓர் ஓசை கேட்டால் திடுக்கிட்டு நடுங்குகிறான். மனைவி மக்களிடமும் பேசாமல் ஒதுங்கி வாழ்கிறான். இந்த நிலை போரினால் விளைந்ததா? அல்லது போருக்கே போகாமல் இருந்திருந்தாலும் அவன் இவ்வாறே ஆகியிருப்பானா? அவனைப் பரிசோதிக்கும் டாக்டரால் இதற்கு விடை கூற இயலாது. போருக்குப் போகாத அதே மனிதன் இன்னொருவன் இருந்தாலன்றோ இருவரையும் அருகருகே நிறுத்தி ஒப்பிட்டுப் பார்க்கலாம்?

ஆயினும் சிலருடைய விஷயத்தில், ஏறக்குறைய அப்படிப்பட்ட ஒருவன் உலகில் இருக்கவே செய்கிறான். அவனோடு ஒரே கருவில் தோன்றிய இரட்டைச் சகோதரனே அவன். இருவரும் படையில் பணியாற்றி, ஒருவன் மட்டும் போர்முனைக்கு அனுப்பப்பட்டிருந்தால், அவ்விருவரையும் கொண்டு மேற்கூறிய வினாவுக்கு விடை தேடலாம். இத்தகைய சகோதரர்களை லட்சக்கணக்கான பெயர்களுக்கிடையே தேடிப் பிரித்தெடுத்து, 1980-க்களிலிருந்து அவர்களுடைய இருப்பிடத்தையும் உடல்நிலையையும் அறிந்து வரும் பதிவேடு ஒன்று அமெரிக்காவில் உள்ளது. ‘வியட்நாம் காலத்து இரட்டையர் பதிவேடு’ என்பது அதன் பெயர். அந்நாட்டின் முன்னாள் படைவீரர் நலத்துறை அதை நடத்தி வருகிறது.

பதிவேடு தோன்றிய காரணம்

வியட்நாம் போரில் பணியாற்றிய அமெரிக்கர் 25 லட்சத்துக்கும் மேற்பட்டவர். 1962 முதல் 1971 வரை, காடுகளின் இலைகளை உதிர்ப்பதற்காக விமானங்களிலிருந்து தெளிக்கப்பட்ட களைக்கொல்லிகள் தங்கள் உடலைக் கெடுத்துவிட்டன என்று திரும்பி வந்தோரில் பலர் முறையிட்டனர். அக்களைக்கொல்லிகளுள் ‘ஏஜண்ட் ஆரஞ்சு’ என்பது பெயர் பெற்றது. டையாக்சின் என்னும் கொடிய நச்சுப்பொருள் அதில் கலந்திருந்தது. வேறு பலருக்கு உடலில் நோயில்லை, மனத்தில் அமைதியில்லை. அதிர்ச்சிக்குப் பின் நீடிக்கும் இந்த மன உளைச்சல் ஒரு தனி நோய் என்பதை அமெரிக்க மனநோய் மருத்துவர் சங்கம் 1980-ஆம் ஆண்டில்தான் தன் நோய்ப் பட்டியலில் ஏற்றுக்கொண்டது. போர்ப்பணியே நோய்க்குக் காரணம் என்று ஏற்கப்பட்டால், சர்க்கார் சிகிச்சையும் உதவித்தொகையும் அளிக்க வேண்டும். இல்லையேல் அந்த வீரன் வெறுங்கையோடு திரும்ப வேண்டும். எனவே இது ஆராய்ச்சிக்கூடத்தோடு நின்றுவிடும் வினாவன்று. 1979-இல் அமெரிக்கக் காங்கிரஸ், இது பற்றி ஆராய வேண்டுமென்று சட்டமே இயற்றியது.

போருக்குச் சென்றவர்களையும் செல்லாதவர்களையும் எண்ணிக்கையில் ஒப்பிட்டால் போதாதோ என்று தோன்றலாம். அங்கேதான் இடர்ப்பாடு உள்ளது. போர்முனைக்குச் செல்பவன் செல்லாதவனிடமிருந்து தொடக்கத்திலேயே வேறுபட்டவனாக இருக்கக்கூடும். தானே முன்வந்து போர்முனையை நாடுவோர் உண்டு. படிப்பினாலோ, தொழிற்பயிற்சியினாலோ, குடும்ப நிலையினாலோ பாதுகாப்பான இடத்தில் அமர்த்தப்பட்டோர் உண்டு. பின்னால் காணப்படும் வேறுபாட்டில் எவ்வளவு போரினால் வந்தது, எவ்வளவு முன்பே இருந்தது என்று பிரித்துக் கூறுவதெங்ஙனம்? ஒரே வீட்டில் ஒரே நாளில் பிறந்து வளர்ந்த சகோதரர்களை எடுத்துக்கொண்டால், இந்தக் குழப்பத்தின் பெரும்பகுதி நீங்கிவிடுகிறது.

இருவகை இரட்டையர்

இரட்டையருள் இரண்டு வகையினர் உண்டு. கருவுற்ற ஒரே முட்டை இரண்டாகப் பிரிந்து பிறப்பவர்கள் ஒரு கரு இரட்டையர். ஜீன்கள் எனப்படும் பாரம்பரியக் கூறுகள் அவர்கள் இருவருக்கும் ஏறக்குறைய முற்றிலும் ஒன்றே. இரண்டு முட்டைகள் தனித்தனியே கருவுற்றுப் பிறப்பவர்கள் இரு கரு இரட்டையர். இவர்கள் ஒன்றாகப் பிறந்த சாதாரணச் சகோதரர்களே. மக்களிடையே வேறுபடும் ஜீன்களில் சராசரியாகப் பாதியே இவர்களுக்குப் பொதுவானவை.

இதிலிருந்து இரண்டு விதமான ஒப்பீடுகள் பிறக்கின்றன. ஒரு நோயில் ஒரு கரு இரட்டையர் ஒத்திருக்கும் அளவு, இரு கரு இரட்டையர் ஒத்திருக்கும் அளவைவிட மிகுதியாக இருந்தால், அந்நோயில் பரம்பரைக்குப் பங்குண்டு என்று ஊகிக்கலாம். இரட்டையரைக் கொண்டு பிறப்பின் பங்கையும் வளர்ப்பின் பங்கையும் அறியலாம் என்று 1875-இல் கால்ட்டன் என்னும் ஆங்கில அறிஞர் கட்டுரை எழுதினார். அவரும் கடிதம் எழுதித்தான் செய்திகளைத் திரட்டினார். இரண்டாவது ஒப்பீடு, ஒரு கரு இரட்டையரில் ஒருவருக்கு மட்டும் நேர்ந்த அனுபவத்தின் விளைவைக் காண்பது. போரின் விளைவை அறியப் பெரிதும் உதவுவது இதுவே.

படைவீரரான இரட்டையரைத் திரட்டும் முயற்சி வியட்நாம் போருக்கு முன்பே தொடங்கியதாகும். அமெரிக்கத் தேசிய விஞ்ஞானக் கழகமும் தேசிய ஆராய்ச்சிக் கவுன்சிலும் சேர்ந்து 1955-இல் ஒரு பதிவேட்டைத் தொடங்கின. 1917 முதல் 1927 வரை பிறந்த வெள்ளையர் ஆண் இரட்டையரின் பிறப்புப் பதிவுகள் மாநிலம் மாநிலமாகத் திரட்டப்பட்டு, முன்னாள் படைவீரர் பெயர்க் குறிப்பேட்டுடன் ஒவ்வொன்றாக ஒத்துப் பார்க்கப்பட்டன. ஐம்பதினாயிரத்துக்கும் மேற்பட்ட இணைகளிலிருந்து, இருவருமே படையில் பணியாற்றிய 15,924 இணைகள் கிடைத்தன. அவர்களில் பெரும்பாலோர் இரண்டாம் உலகப் போர்க் காலத்து வீரர். பிறப்பைப் பதிவு செய்யும் குமாஸ்தா தன் ஏட்டில் எழுதிய ஒரு வரி, அறுபது எழுபது ஆண்டுகள் கழித்து நரம்பு நோய் ஆராய்ச்சிக்குப் பயன்படும் என்று அன்று எவரும் கருதியிரார்.

55 லட்சம் பெயர்களில் தேடல்

வியட்நாம் காலத்து வீரர்களைத் தேடும் முறை வேறு. செத் ஐசன், வில்லியம் ட்ரூ, ஜாக் கோல்ட்பர்க், வில்லியம் ஹெண்டர்சன் முதலியோர் இதில் ஈடுபட்டனர். படையிலிருந்து விலகியோரின் விடுவிப்புச் சான்று விவரங்கள் சுமார் 55 லட்சம், காந்த நாடாவில் ஏற்றப்பட்டுக் கணிப்பொறியில் இருந்தன. இவற்றில் எந்த இடத்திலும் ‘இரட்டையர்’ என்ற குறிப்பு இல்லை. எனவே குடும்பப் பெயர் ஒன்றாகவும், இடு பெயர் வேறாகவும், பிறந்த தேதி ஒன்றாகவும், சமூகப் பாதுகாப்பு எண்கள் நெருங்கியவையாகவும் உள்ளோரைத் தேடும்படி கணிப்பொறிக்குக் கட்டளையிட்டனர். சகோதரர் இருவர் ஒரே காலத்தில் ஒரே இடத்தில் எண் பெற்றால் அவை அடுத்தடுத்து அமைவது இயல்பன்றோ?

கணிப்பொறி காட்டிய இணைகள் யாவும் இரட்டையரல்லர். ‘ஸ்மித்’ என்னும் குடும்பப் பெயருடைய இருவர், உறவேதுமின்றி, ஒரே நாளில் பிறந்திருக்கலாம். ஆகையால் படை அலுவலகக் கோப்புகளை எடுத்துப் பார்த்து ஒவ்வோர் இணையையும் மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. இவ்வாறு வடித்தெடுத்தபின், 1939 முதல் 1957 வரை பிறந்து, வியட்நாம் போர்க் காலத்தில் இருவரும் படையில் பணியாற்றிய ஏழாயிரத்துச் சொச்சம் ஆண் இணைகள் எஞ்சின. பதிவேடு முதலில் சிகாகோவுக்கு அருகில் ஹைன்ஸ் என்னுமிடத்தில் வைத்துப் பேணப்பட்டு, பின்னர் மேற்குக் கரையிலுள்ள சியாட்டில் நகருக்கு மாற்றப்பட்டது.

அடுத்து, எந்த இணை எவ்வகையைச் சேர்ந்தது என்று அறிய வேண்டும். எல்லோருடைய இரத்தத்தையும் சோதிப்பதற்குப் பொருளும் இல்லை, வசதியும் இல்லை. அஞ்சல் மூலம் சில எளிய வினாக்கள் விடுக்கப்பட்டன. சிறுவயதில் இருவரும் ஒரே அச்சில் வார்த்தாற்போல் இருந்தனரா, அல்லது சகோதரர்களுக்குள் காணும் சாதாரணச் சாயல்தான் இருந்ததா, பிறர் ஆள் தெரியாமல் மாற்றி அழைத்ததுண்டா என்பன போன்ற வினாக்கள் அவை. இவ்விடைகளோடு, படைக் கோப்பில் குறித்துள்ள இரத்தப் பிரிவையும் சேர்த்துப் பார்த்தால், நூற்றுக்குச் சுமார் 95 இணைகளை வகை பிழையாமல் பிரித்துவிடலாம் என்று தெரியவந்தது. தாய்மார் சொல்லி வந்ததையே நம்பி, தம்மை இரு கரு இரட்டையர் என்று ஆயுள் முழுவதும் எண்ணிக்கொண்டிருப்போர் உண்டு. அதற்கு மாறாக எண்ணுவோரும் உண்டு. ‘நீங்கள் எவ்வகை?’ என்று நேராகக் கேட்பதைவிட, கண்ணால் கண்டதைக் கேட்பது மேல் என்பது இதனால் விளங்கும்.

இணையாக விடை பெறுதல்

1987-இல் இப்பதிவேட்டிலுள்ள அனைவருக்கும் உடல்நலம் பற்றிய விரிவான வினாத்தாள் அனுப்பப்பட்டது. 10,979 பேர் விடையளித்தனர். இது நூற்றுக்கு 74 பேருக்குச் சற்று மேல். வீடுதோறும் சென்று விவரம் திரட்டிப் பழகிய ஊழியர் இதனை நல்ல பலன் என்றே கொள்வர். ஆனால் இரட்டையர் ஆராய்ச்சியில் ஒருவர் விடை மட்டும் போதாது. ஒருவர் எழுதி மற்றவர் வாளாவிருந்தால் அந்த இணை பெரும்பாலான ஒப்பீடுகளுக்குப் பயன்படாது.

இதைக் கணக்கிட்டுப் பார்ப்பது வகுப்பறைக்கும் ஏற்றது. ஒவ்வொருவரும் தம் சகோதரரைப் பற்றிய நினைப்பே இன்றி, நூற்றுக்கு 74 வீதம் விடையளிப்பதாகக் கொள்வோம். அப்போது இருவருமே விடையளிக்கும் இணைகள் நூற்றுக்கு 74-இல் மீண்டும் 74 பங்கு, அதாவது சுமார் 55 மட்டுமே. உண்மையில் இருவரும் விடையளித்த இணைகள் 4,774. நூற்றுக்குச் சுமார் 65. எழுநூறு இணைகள் வரை அதிகமாகக் கிடைத்திருக்கின்றன. உடன் பிறந்தவர் எழுதினால் தாமும் எழுதுவது, அவர் ஒதுங்கினால் தாமும் ஒதுங்குவது என்ற இயல்பு இந்த எண்ணிலேயே தெரிகிறது. இதனால் ஒரு நன்மையோடு ஓர் அபாயமும் உண்டு. ஒரு சகோதரருடைய மனத்தைப் புண்படுத்திவிட்டால், பதிவேடு இழப்பது ஒருவரையன்று, இருவரை.

பதிவேட்டை நடத்துவோரின் அன்றாட வேலை பெரும்பாலும் இந்த அபாயத்தைத் தவிர்ப்பதேயாகும். ஆராய்ச்சிக் கட்டுரைகளில் இவ்வேலை ஒரு வாக்கியத்தில் முடிந்துவிடுகிறது. செய்து பார்ப்போருக்கே அதன் சுமை தெரியும். அமெரிக்கர் அடிக்கடி இடம் மாறுபவர். முகவரி தவறித் திரும்பிய கடிதம் ஒவ்வொன்றையும் பின்தொடர்ந்து, புதிய இருப்பிடத்தைக் கண்டறிய வேண்டும். இறந்தோர் பெயர்களை இறப்புப் பதிவுகளோடு அவ்வப்போது ஒத்துப் பார்க்க வேண்டும். வெளியிலுள்ள ஆராய்ச்சியாளர் எவரும் தாமாக இச்சகோதரர்களை அணுக இயலாது. ஆராய்ச்சித் திட்டம் முதலில் பரிசீலிக்கப்படுகிறது. தகுதியுடையதென்று ஏற்கப்பட்டால் பதிவேட்டு ஊழியரே இரட்டையருக்கு எழுதி, அவர்தம் சம்மதத்தைக் கேட்கின்றனர். சம்மதியாதவரைப் பற்றி மேற்பேச்சு இல்லை. தக்க காரணமின்றி ஒரே இணைக்கு மீண்டும் மீண்டும் தொல்லை கொடுப்பதற்கும் இடமளிப்பதில்லை.

இவற்றுள் மிக நுட்பமானது இரகசியம் காத்தல். சாதாரண நோயாளியின் விவரத்தை அயலாரிடமிருந்து காத்தால் போதும். இங்கோ, ஒரு சகோதரர் கூறியதை மற்றவரிடமிருந்தே காக்க வேண்டியுள்ளது. குடிப்பழக்கத்தையோ மனநோயையோ தம்பி வினாத்தாளில் ஒப்புக்கொண்டிருப்பார். அண்ணனுக்கு அது தெரியாதிருக்கலாம். ஒரு கரு இரட்டையரில் ஒருவருடைய ஜீன் சோதனை, மற்றவர் கேளாமலேயே அவருடைய நிலையையும் வெளிப்படுத்திவிடும். சம்மதம் ஒருவரிடம் பெற்றது, செய்தி இருவரைப் பற்றியது என்ற இச்சிக்கல் வேறெந்தப் பதிவேட்டிலும் இவ்வளவு கூர்மையாக எழுவதில்லை.

இரட்டையர் கூறிய விடை

தொடக்கத்தில் கூறிய வினாவுக்கு விடை 1990-இல் வெளிவந்தது. கோல்ட்பர்க்கும் அவருடைய துணைவர்களும், ஒருவர் தென்கிழக்கு ஆசியாவில் பணியாற்றி மற்றவர் பணியாற்றாத 715 ஒரு கரு இணைகளை ஒப்பிட்டனர். அங்குப் பணியாற்றிய சகோதரர்களில் நூற்றுக்கு 16.8 பேருக்கு, போர் முடிந்து பல ஆண்டுகளுக்குப் பின்னும் மன உளைச்சல் நோய் இருந்தது. செல்லாத சகோதரர்களில் அது நூற்றுக்கு 5 மட்டுமே. கடும் போரில் ஈடுபட்டோரைத் தனியே பிரித்துப் பார்த்தபோது, அவர்களிடம் இந்நோய் ஏறத்தாழ ஒன்பது மடங்கு மிகுந்திருந்தது. பிறவி இயல்பும் வளர்ந்த குடும்பமும் ஒன்றாக இருக்க, போரே இவ்வளவு வேற்றுமையை விளைத்தது என்பதை மறுக்க இடமில்லாமற் போயிற்று.

இதனால் பரம்பரைக்குப் பங்கேயில்லை என்று கருதலாகாது. 1993-இல் ட்ரூவும் மற்றவர்களும் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட இணைகளை ஆராய்ந்து, இந்நோயின் அறிகுறிகளில் மக்களிடையே காணும் வேறுபாட்டில் ஏறக்குறைய நூற்றுக்கு 30 வரை பரம்பரையைச் சார்ந்தது என்று கண்டனர். இந்த எண்ணைப் பலர் தவறாகப் பொருள் கொள்கின்றனர். ஒரு வீரனுடைய நோயில் நூற்றில் முப்பது பங்கு அவன் பெற்றோரால் வந்தது, எஞ்சியது போரால் வந்தது என்பது இதன் பொருளன்று. ஒரே அதிர்ச்சிக்கு உள்ளான பலருள் சிலர் நோயுறுவதும் சிலர் தேறுவதும் ஏன் என்ற வேறுபாட்டைப் பற்றியதே இந்த எண்.

இதனினும் வியப்பானது 2002-இல் கில்பர்ட்சன், பிட்மன் முதலியோர் வெளியிட்ட செய்தி. மூளையில் நினைவுக்கு இன்றியமையாத ‘ஹிப்போகாம்பஸ்’ என்னும் பகுதி, போரினால் மனநோயுற்ற வீரரிடம் சிறுத்திருப்பது முன்பே அறியப்பட்டிருந்தது. இடைவிடாத அச்சமே அதைச் சுருங்கச் செய்தது என்று பலரும் நம்பினர். போருக்குப் போகாத ஒரு கரு சகோதரர்களின் மூளையைப் படமெடுத்தபோது, கடுமையாக நோயுற்றவரின் சகோதரருக்கும் அப்பகுதி சிறியதாகவே இருந்தது! அது போரின் வடுவன்று. போருக்கு முன்பே இருந்த பலவீனத்தின் அடையாளம் என்று கொள்ள நேர்ந்தது. ஆனால் அடுத்த ஆண்டில் ஆர் என்பவரும் அவருடைய துணைவர்களும் திடீர் ஓசைக்கு இதயத் துடிப்பு எவ்வளவு விரைகிறது என்று அளந்தபோது விளைவு நேர்மாறாயிருந்தது. நோயுற்ற வீரருக்கே துடிப்பு மிகுதியாக விரைந்தது. அவருடைய சகோதரருக்கு அவ்வாறில்லை. ஆக, ஒரே நோயாளியிடம் காணப்படும் இரு குறிகளில் ஒன்று அவன் போருக்குக் கொண்டு சென்றது, மற்றொன்று போரிலிருந்து கொண்டு வந்தது. சகோதரன் இல்லாவிடில் இவ்விரண்டையும் பிரித்தறிய வழியில்லை.

மனத்தின் துயர் உடலையும் தாக்குகிறதா என்பதும் ஆராயப்பட்டது. 2013-இல் வக்காரினோவும் மற்றவர்களும் 562 இரட்டையரைச் சுமார் 13 ஆண்டுகள் கவனித்து வந்ததன் முடிவை வெளியிட்டனர். மன உளைச்சல் நோயுடையோரில் நூற்றுக்கு 22.6 பேருக்கும், அந்நோயில்லாதோரில் 8.9 பேருக்கும் இதயத் தமனி நோய் தோன்றியது.

பழைய பதிவேடும் வீணாகவில்லை. இரண்டாம் உலகப் போர்க் காலத்து இரட்டையர் ஏறத்தாழ 20,000 பேரை விசாரித்து, பார்க்கின்சன் நடுக்கு நோயுடைய 193 பேரை டாக்டர் கரோலின் டானர் குழுவினர் கண்டறிந்தனர். 1999-இல் வெளியான அவர்களுடைய முடிவுப்படி, ஐம்பது வயதைக் கடந்தபின் தோன்றும் இந்நோயில் இருவகை இரட்டையருக்குமிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடில்லை. பரம்பரையின் பங்கு பெரிதன்று என்பது இதன் குறிப்பு. ஐம்பது வயதிலோ அதற்கு முன்போ நோயுற்றவர்களிடத்தில் மட்டும் ஒரு கரு இரட்டையர் மிகுதியாக ஒத்திருந்தனர். இவ்வகை இணைகள் மிகச் சிலவே என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும்.

பதிவேட்டின் எல்லைகள்

இவ்வளவு பயன் தந்த பதிவேடுகளுக்குக் குறைகளும் உண்டு. இரண்டிலும் பெண்கள் இல்லை. பழையதில் வெள்ளையர் தவிர வேறெவரும் இல்லை. புதியதிலும் அவர்களே மிகப் பெரும்பாலோர். படையில் சேரத் தகுதியுள்ள உடல்நலம் இருவருக்குமே இளமையில் இருந்தது. வியட்நாம் காலத்துப் பதிவேடு விடுவிப்புச் சான்றுகளைக் கொண்டு அமைந்ததால், போர்க்களத்திலேயே ஒருவர் மாண்ட இணைகள் அதில் இடம்பெறவில்லை. போரின் மிகக் கொடிய விளைவு அக்கணக்கில் சேராதது என்று கூறின் தவறாகாது. மேலும், ஒரு கரு இரட்டையரும் எல்லாவற்றிலும் ஒருவரல்லர். பிறந்தபோதே எடையில் வேறுபடுவதுண்டு. பின்னர் ஒருவர் தலையில் அடிபட்டிருக்கலாம். மணமும் தொழிலும் இருவரையும் வெவ்வேறு வழியில் திருப்பியிருக்கலாம்.

போரைப் பற்றிய வினாக்கள் குறைந்து, முதுமையைப் பற்றிய வினாக்கள் இப்போது பெருகியுள்ளன. கிரெமன், லையன்ஸ் என்னும் அறிஞர்கள் நடத்திய ஆராய்ச்சியின் முதற் சுற்றில், ஐம்பது வயதைக் கடந்த 1,237 இரட்டையர் பங்குகொண்டனர். அவர்கள் சான் டியகோ, பாஸ்டன் ஆகிய இரு நகரங்களில் ஒன்றுக்கு வந்து நினைவாற்றல் சோதனைக்கு உட்பட்டனர். பின்னும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அச்சோதனை தொடர்ந்து நடந்தது. 1939-இல் பிறந்தோர் எண்பதைக் கடந்துவிட்டனர். 1957-இல் பிறந்த இளையோரும் எழுபதை அடுத்து வருகின்றனர். ஒருவர் மறைந்தால் அந்த இணை பதிவேட்டிலிருந்து நீக்கப்படுவதில்லை. அவர் முன்பு அளித்த விடைகளோடு இறப்பின் தேதியும் காரணமும் சேர்த்து வைக்கப்படுகின்றன. எஞ்சிய சகோதரருக்கு அடுத்த வினாத்தாளை அனுப்புமுன், இச்செய்தி ஏட்டில் ஏறியிருக்கிறதா என்று ஊழியர் தவறாமல் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.